கட்டைக்கால் எழுத்து

‘காணவில்லை’ என்ற சொல்லில் ஒவ்வோர் எழுத்துக்கும் அடியில் தடித்த கட்டைக்கால், உள்ளே பூவும் கொடியுமாக அலங்காரம். போஸ்டரைக் கையில் வாங்கிய பூங்கோதை அதைத் திருப்பி நீட்டினாள்.

“என்னண்ணே, அந்தக் காலத்துச் சினிமா போஸ்டர் மாதிரி அடிச்சு வச்சிருக்கீங்க? எங்கப்பாவக் காணோம்ணே. நாலு நாளாச்சு. அவருக்குத் தன் பேருகூட ஞாபகமிருக்காது.”

அச்சகத்து ஞானதுரை அசரவில்லை. “சாதா எழுத்துல போட்டா எவனும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்மா. இது ஆள நிறுத்தும்.”

நிறுத்தத்தான் செய்தது. மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுச் சுவர் முன்னால் சின்னக் கூட்டம். “புது ஹீரோ போல” என்று எவனோ போட்டோவைக் காட்டிச் சிரித்தான். ஆத்திரத்தோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அழுக்கு வேட்டியும் நரைத்த தாடியுமாக ஒருவர், ‘கா’வுக்குள் இருந்த பூக்களை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“அப்பா!”

அவர் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. சுவரிலிருந்த தன் போட்டோவைக் காட்டிக் கேட்டார்:

“ஏம்மா, இந்தப் படம் எந்தத் தியேட்டர்ல ஓடுது? எம்மகளக் கூட்டிட்டு வரணும்.”