எந்திரப் பையன் கேட்ட கேள்வி

உலகத்தையே காப்பாற்றும் எந்திரப் பையனுக்கு அன்று இடுப்புவலி.

ஸ்வெட்டருக்குள் கம்பளிப் பட்டியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, கறுப்புத் திரைக்குப் பின்னால் மைக்கைப் பிடித்தபடி நின்றிருந்தாள் நமிகோ. அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலமானால் ஜப்பான் முழுக்க டிவி பெட்டிக்குள் கார்ட்டூனாகப் பறக்கிற அந்தச் சின்னப் பையனின் குரல் அவளுடையதுதான்.

திரைக்கு முன்னால் பிள்ளைகள். மிட்டாய் உறைகளைச் சேர்த்து அனுப்பிக் குலுக்கலில் வென்றவர்கள். கூடவே அவர்களை அழைத்துவந்த அம்மாக்கள்.

தங்கள் வீரனுக்குக் குரல் கொடுப்பது ஒரு பெண் என்று தெரிந்தால் பிஞ்சு மனசு நொறுங்கிப்போகுமாம். அதனால்தான் இந்தத் திரை. படத்துக்குப் பணம் போடும் மிட்டாய்க் கம்பெனி உத்தரவு.

"நீ ஒண்ணுக்குப் போவியா?" என்று கேட்டது ஒரு வாண்டு.

"எப்பவாச்சும் எண்ணெய் மாத்துவேன், அவ்ளோதான்!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நமிகோ இடுப்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"அடுத்தது, மிட்டோ ஊர்லேர்ந்து வந்திருக்கிற ஓகிதா யாசுவோ!" என்று அறிவித்தார் கம்பெனிக்காரர்.

நமிகோ இடுப்பைத் தேய்ப்பதை நிறுத்தினாள்.

அது அவள் பெற்ற பிள்ளை.

சோயா சாறு காய்ச்சி விற்கும் ஓகிதா குடும்பம் அவளை வேண்டாம் என்று அனுப்பியபோது அவனுக்குப் பேச்சு வந்திருக்கவில்லை. விவாகரத்து என்றால் பிள்ளை அப்பன் வீட்டுக்கு. பெற்றவள் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. யாரைக் கேட்டாலும் அதுதானே முறை என்றார்கள். அவளும் தலையாட்டிவிட்டு ஒற்றைப் பெட்டியோடு டோக்கியோவுக்கு ரயிலேறினாள். கொஞ்ச நாளிலேயே அந்த வீட்டுக்குப் புது மருமகள் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டாள்.

பிறகு இந்த வேலை கிடைத்தது. எதிரியைப் பார்த்து அவள் உறுமினாலும் சரி, மேகத்துக்கு மேலே நின்று சிரித்தாலும் சரி, எல்லாம் ஒரே ஒரு பையனுக்காகத்தான். பெட்டிக்கு முன்னால் அவன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பில்தான் அவளுக்கு வாரம் ஓடியது.

அவள் குரல் அவனிடம் போய்க்கொண்டுதான் இருந்தது. அவன் குரல் எப்படி இருக்கும் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. தெருவில் எந்தப் பையன் கத்தினாலும் நின்று கேட்பாள். இப்படி இருக்குமோ, அப்படி இருக்குமோ என்று ஏங்கிப்போய் நடப்பாள்.

இப்போது நாலடி தூரத்தில் நிற்கிறான். வாயைத் திறந்தால் போதும்.

அவன் திறக்கவில்லை.

"கேளு தம்பி, வெக்கப்படாம கேளு," என்றார் கம்பெனிக்காரர்.

பின்னாலிருந்து ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது.

"சரி சரி, அப்ப அடுத்தது..."

பிள்ளைகள் கேட்கவேண்டும், வீரன் பதில் சொல்லவேண்டும். அதுதான் ஏற்பாடு. வீரன் யாரையும் எதையும் கேட்டதில்லை. ஆனால் இந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டால் தான் செத்தே போவோம் என்று நமிகோவுக்குத் தோன்றியது. முந்திக்கொண்டாள்.

"யாசுவோ! என் கதையில உனக்கு எது ரொம்பப் புடிக்கும்?"

"எனக்கு பேஸ்பால்தான் புடிக்கும்."

கொஞ்சம் கரகரத்த குரல். மூக்கடைப்பு வேறு. இதுதானா, இதுதானா என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. அவன் சொன்னது என்ன என்பது அப்புறம்தான் உறைத்தது.

"அப்ப நீ என்னைப் பாக்கிறதே இல்லியா?"

வீரன் கேட்கிற கேள்வியா இது? கம்பெனிக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"பாப்பேன். அம்மாதான் புடிச்சு உக்கார வெப்பாங்க. மிட்டாய் உறையக்கூட அவங்கதான் சேத்தாங்க, எனக்கு மிட்டாயே புடிக்காது." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "தூக்கம் வருதுன்னாலும் விட மாட்டாங்க. வேணும்னா கண்ண மூடிக்கோ, காத மட்டும் மூடிக்காதம்பாங்க."

இதில் என்ன இருக்கிறது என்று மற்றவர்களுக்குப் புரிந்திருக்காது. நமிகோவுக்குப் புரிந்தது. படம் முடிந்ததும் ஓடும், எந்தப் பிள்ளையும் படிக்காத பெயர்ப் பட்டியலில் தன் பெயரை, தனக்குப் பின்னால் அந்த வீட்டுக்கு வந்த ஒருத்தி படித்திருக்கிறாள். படித்துவிட்டு, யாரிடமும் மூச்சுவிடாமல், வாரா வாரம் பிள்ளையைப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்திருக்கிறாள்.

அந்த முகம் தெரியாத பெண்ணை நமிகோ மனதுக்குள் திட்டாத திட்டில்லை. இப்போது அவளிடம் ஏதாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. ஆனால் எந்திரப் பையனாகத்தானே பேச முடியும்?

"யாசுவோ, திரும்பிப் போறப்ப ஸ்டேஷன்ல கூட்டமா இருக்கும். அம்மா கையக் கெட்டியாப் புடிச்சுக்கோ. விட்டுடாத."

"நான் என்ன பாப்பாவா?" என்றான் யாசுவோ.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

நமிகோ மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கியது. அப்படியும் ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டது.

அது அம்மாக்கள் நின்ற பக்கத்திலிருந்து வந்தது.