வடக்குச் சுவர்

"ஒரே சுவரை எத்தனை தடவைதான் கட்டுவீங்க? மாமனும் மச்சானும் சேர்ந்து செங்கல்லைத் தின்னுட்டீங்களா?"

தணிக்கை அதிகாரி அம்மாள் கேட்டதும் பொறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய மனைவியின் தம்பிதான் ஒப்பந்ததாரர். பழைய நூலகத்தைப் புதுப்பிக்க ஒதுக்கிய பணம் எப்போதோ தீர்ந்துவிட்டது. மேற்கொண்டு ஆன செலவெல்லாம் வாசிப்புக் கூடத்தின் வடக்குச் சுவருக்குத்தான் என்றார்கள் இருவரும். இந்த அம்மாள் நம்பாவிட்டால் பொறியாளருக்கு வேலை போய்விடும். திருடன் என்ற பெயரும் மிஞ்சும்.

"கட்டுறோம், பூசுறோம் மேடம். கொஞ்சம் கண் அசந்தா நடுவுல ஆள் நுழையற அளவுக்கு ஓட்டை. இதோ பாருங்க" என்று ஓட்டையைக் காட்டினார் பொறியாளர்.

"காவலுக்கு ஆள் போடலையா?"

"நாங்களே இங்கதான் கிடக்கிறோம்" என்றார் ஒப்பந்ததாரர். "வீட்டுப் பக்கம் போயே ரொம்ப நாளாச்சு. புருஷனைக் கெடுத்துட்டேன்னு அக்கா என்னைத்தான் திட்டும்."

"கதை நல்லாத்தான் இருக்கு. என் கண்ணெதிரே அடைங்க. அப்புறமும் இடிஞ்சா கையெழுத்துப் போடறேன்."

"மாமா, கல்லை எடுங்க."

ஒருவர் கல் எடுத்துக் கொடுக்க, மற்றவர் சாந்து வைத்து அடுக்கினார். கடைசிக் கல் பொருந்தியதும் கூடம் இருண்டது. அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஈரச் சுண்ணாம்பின் வாசனை மட்டும் இருந்தது.

டொம்.

மூவரும் நிமிர்ந்தார்கள்.

டொம். பூச்சில் கீறல் ஓடியது.

"பார்த்தீங்களா மேடம்?" பொறியாளருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நான் திருடலை! இப்பவாவது நம்புறீங்களா?"

"நம்புறேன். சும்மா இருங்க." அம்மாளின் குரல் இறங்கிவிட்டது. "அந்தப் பக்கம் யாரு?"

ஒரு கல் பெயர்ந்து உள்ளே விழுந்தது. அந்த இடத்தில் வெளிச்சம் பாய்ந்தது.

"இன்னிக்கும் அடைச்சிருக்கு சார்!" வெளியே ஒருவன் கத்தினான். "சாந்து கூடக் காயலை. என்னால முடியாது, வேற ஆளைப் பாருங்க."

"இடிப்பா, உன்னைக் கும்பிடறேன்" என்று கெஞ்சியது இன்னொரு குரல். "கூரை சரிஞ்சப்போ உள்ளே மாட்டினது பொறியாளர், அவர் மச்சான், தணிக்கைக்கு வந்த அம்மா... மூணு உடம்பையும் எப்படியாவது வெளியே எடுத்தாகணும்."