யார் பெற்றால் என்ன

ஒரு கருவேல மரத்தில் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று குடியிருந்தது. எந்தக் குஞ்சு வாயைத் திறந்தாலும், பக்கத்தில் இருக்கிற குருவி புழுவை ஊட்டிவிடும். பெற்றவள் யார் என்று கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது.

ஒருநாள் காகம் வந்து கூட்டுக்குள் எட்டிப் பார்த்தது. குஞ்சுகளில் ஒன்று மட்டும் பெரிதாக இருந்தது.

"அடி முட்டாள்களா! இது குயில் சாதி அக்காக்குருவி திருட்டுத்தனமா முட்டையிட்டுப் போனதுல பொரிச்சது. உங்க சாதியே இல்ல. என்கிட்ட விடுங்க, தின்னுட்டுப் போறேன். உங்க சொந்தப் பிள்ளைங்களுக்காவது வயிறு நிறையும்."

"இறகு முளைச்ச அன்னைக்கே எங்களுக்குத் தெரியும்" என்றது கூட்டத்திலிருந்த ஒற்றைக்கண் குருவி ஒன்று.

"தெரிஞ்சுமா ஊட்டுறீங்க?"

"பசின்னு வாயைத் திறக்குது. அதுக்கு மேல என்ன விசாரணை? நீயும்தான் குயில் குஞ்சை வளர்த்தே."

"நான் ஏமாந்துபோய் வளர்த்தேன்! தெரிஞ்சதும் கொத்தித் துரத்திட்டேன்."

"அதை வெளியில சொல்லிக்காதே, அசிங்கம்."

காகம் ஆத்திரத்தோடு பெரிய குஞ்சின் மேல் பாய்ந்தது. அத்தனை குருவிகளும் கத்திக்கொண்டு காகத்தின் மேல் விழுந்தன. ஒற்றைக்கண் குருவியின் வால் இறகுகள் பிய்ந்து பறந்தன. காகத்தின் தலையில் ரத்தம் கசிந்தது. அது தள்ளிப்போய் மின்கம்பியில் உட்கார்ந்துகொண்டு, "நாளைக்கும் வருவேன்டி!" என்று கத்தியது.

"தாராளமா வாடா" என்றது வாலை இழந்த குருவி. "நாளைக்கு எங்க பெரிய பிள்ளையும் கொத்துவான்."