பெரியவர் உட்கார்ந்தால் சம்மதம்

உப்பளக் கொட்டகையில் இருந்தது ஐந்து பேர். பக்கத்துப் பாத்திகளின் குத்தகைதாரன் அப்பாவு. ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைத்துப் போட்ட குப்புசாமி. மழைக்கு ஒதுங்கி, சீட்டைத் தொடாமல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மளிகைக்கடை லியாகத் அலி. என் மகன் ராஜ்கமல். நான்.

வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள்.

நானும் முதலிலிருந்தே இல்லை. பாதி ஆட்டத்தில் குப்புசாமி வண்டியை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தான்.

"கலியமூர்த்தி அண்ணே, ராஜ்கமலு வாய்க்கா ஓரம் நாலு பாத்தியயும் பந்தயம் வச்சிட்டான். நீங்க வந்து ஒக்காரணும்."

மழை மாதத்தில் உப்பளம் முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கும். வேலை இருக்காது. கொட்டகைகளில் மூணு சீட்டு ஓடும். பெரிய சீட்டு வந்தவன் ஜெயிப்பான். வராதவன், வந்ததுபோல் பந்தயத்தை ஏற்றி எதிராளியை விரட்டியும் ஜெயிக்கலாம்.

தீக்குச்சி வைத்து ஆடும்வரை அது அவரவர் பாடு. பாத்தியை வைத்தால் வழக்கம் வேறு. சீட்டைக் கவிழ்த்துவிட்டு வீட்டுப் பெரியவரை அழைக்க வேண்டும். அவர் வந்து தன் ஆளுக்குப் பின்னால் உட்கார்ந்தால் சம்மதம். உட்காராமல் திரும்பினால் பந்தயம் செல்லாது. வைத்தவனுடைய வாக்கும் அன்றோடு செல்லாது. பெரியவர் வாய் திறக்கக் கூடாது.

அந்த நாலு பாத்தியை விட்டால் எங்களுக்கு வேறு பாத்தி கிடையாது.

நான் சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன். என் மகன் நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை நான் போய்ச் செல்லாததாக்க முடியாது.

 ராஜ்கமலை எனக்குத் தெரியும். நல்ல சீட்டு வந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவான். கையில் ஒன்றும் இல்லாதபோதுதான் ஒரேயடியாக ஏற்றுவான். சின்ன வயதில் கோலி ஆடியதும் அப்படித்தான்.

கொட்டகையில் கவிழ்த்த சீட்டுகள்மேல் ஆளுக்கொரு செங்கல் வைத்திருந்தார்கள். நடுவில் தீக்குச்சிகள். போன வாரம் அப்பாவுவிடம் தோற்ற எங்கள் உப்புக் குவியலும் அந்தத் தீக்குச்சிக் கணக்கில்தான் இருந்தது. அதை மீட்கத்தான் இவன் பாத்தியை வைத்திருக்கிறான். அப்பாவு ஈடாகத் தன் பாத்திகளை வைத்து, இருவர் சீட்டையும் திறந்து காட்டச் சொல்லி ஷோ கேட்க வேண்டும். இல்லையென்றால் சீட்டைக் கீழே போட்டுவிட வேண்டும்.

நான் நின்றபடியே அப்பாவுவைப் பார்த்தேன். அவனுக்கு நல்ல சீட்டு வந்தால் பீடி அணைந்துவிடும். இழுக்க மறந்துவிடுவான். இருபது வருஷமாகப் பார்க்கிறேன். அன்று பீடி நன்றாகப் புகைந்துகொண்டிருந்தது. அவன் கையிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. போட்டுவிடுவான்.

நான் என் மகன் பின்னால் உட்கார்ந்தேன்.

ராஜ்கமல் செங்கல்லை நகர்த்தி, சீட்டை எனக்கு மட்டும் தெரியும்படி விரித்தான்.

ரெண்டு. ஏழு. ஒன்பது. ஒன்றோடொன்று சேராத சீட்டு.

அவன் முகத்தில் எதுவும் இருந்திருக்காது. அவன் செல்போனில் ஆடிப் பழகியவன். செல்போனில் எதிராளிக்கு முகம் கிடையாது, தனக்கும் கிடையாது. அப்பாவு அவனை உற்று உற்றுப் பார்த்துச் சலித்துப்போனான். சீட்டை மடக்கி, கீழே போடக் கையை நீட்டினான்.

நீட்டிய கை நின்றது. அவன் பார்வை ராஜ்கமலைத் தாண்டி வந்தது.

பிறகு தன் பாத்திகளை வைப்பதாகச் சொன்னான்.

"ஷோ."

அவனிடம் இருந்தது ஒரே ஒரு ஜோடி, இரண்டு நாலு. ரெண்டும் மூணும்தான் அதைவிடச் சின்ன ஜோடி. எங்கள் சீட்டை அடிக்க அதுவே அதிகம்.

ராஜ்கமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. லியாகத் அலி எழுந்து, கைலியில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டு மழையிலேயே இறங்கிப் போனார்.

எப்படிடா கண்டுபிடித்தாய் என்று குப்புசாமிதான் கேட்டான். அப்பாவு ஜெயித்த முகத்தோடு சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு, என்னிடம்தான் சொன்னான்.

"புள்ள மூஞ்சில ஒண்ணுந் தெரில மாமா. நீங்கதான் சீட்ட பாத்ததும் நெஞ்ச நிமித்திக்கினு ஒக்காந்தீங்க. மலர்கொடி நிச்சயம் நின்னுபோன அன்னிக்கும் தெருவுல இப்டித்தான் போனீங்க. இவன போலீசு இட்டுக்கினு போன அன்னிக்கும் இப்டித்தான். வூட்ல எதுவும் இல்லன்னாதான் மாமா நீங்க நிமிருவீங்க. ஊருக்கே தெரியும்."

மலர்கொடி என் மகள். அவள் பெயரை அந்த இடத்தில் எடுத்திருக்க வேண்டியதில்லை.

நான் பதில் சொல்லவில்லை. பெரியவர் பேசக் கூடாது என்பது வழக்கம்.

மழைக்காலம் முடிந்து, இப்போது பக்கத்து ஊரான பிரம்மதேசம் வரைக்கும் ஒரு பேச்சு நடக்கிறது. கலியமூர்த்தி கண்ணைக் காட்டித் தன் மகனையே தோற்கடித்துவிட்டார், அதற்குப் பங்காக அப்பாவு சனிக்கிழமை தவறாமல் பணம் கொடுக்கிறான், அவன் வாசலில் அவர் கைநீட்டி வாங்குவதைக் கண்ணால் பார்த்தோம் என்கிறார்கள்.

கண்ணைக் காட்டவில்லை. வாங்குவது உண்மை. அது பங்கு அல்ல, அந்த நாலு பாத்தியில் உப்பு வாருகிற கூலி.