பதினாலு விநாடி

"பதினாலு செகண்டுல யாருக்கும் உயிர் போயிடாதும்மா. பேக் பண்ணச் சொல்லட்டுமா?" மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"வேணாம் சார். நம்ம மானம் போயிடும்."

கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல், தலையும் நிமிராமல் வந்தது பதில். புரோகிராம் எழுதுகிற அவளுக்கு ஆபீஸில் வாயாடி என்று பேர். அவளோடு வாதாடி ஜெயித்தவர் அந்த மாடியில் யாருமில்லை. தோற்றவர்களில் மேலாளர்தான் சீனியர்.

பேச முடியாதவர்களுக்கான பெட்டி அது. எழுத்தைத் தட்டினால் குரலாகச் சொல்லும். நூறு பெட்டிகள் சாயங்காலம் லாரி ஏற வேண்டும். ஒரே குறை, ஆன் செய்தபின் அது தயாராகப் பதினாலு விநாடி பிடித்தது.

"ஒரு தடவை ஆன் பண்ணிட்டா ஓடிக்கிட்டே இருக்கப்போகுது. அப்புறம் என்ன?"

"இங்கே கரண்ட்ல ஓடுது சார். வெளியே பேட்டரி. ரெண்டு நிமிஷம் சும்மா இருந்தா தானா அணைஞ்சிடும். ஒரு கஸ்டமர் வீட்டுல சண்டை. புருஷன் கத்திட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு, தெருமுனைக்கே போயிடறாரு. அதுக்கப்புறம்தான் பெட்டி வாயைத் திறக்குது. அந்தம்மா பதில் சொல்றது சுவத்துக்குத்தான்."

"அந்த மனுஷன் கொடுத்துவெச்சவர்!" என்று சிரித்தார்.

"அந்தம்மா கொடுத்துவைக்கலையே சார்."

சிரிப்பு நின்றது. மேலாளர் கெட்டவர் இல்லை. லாரிக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார், அதுதான் அவர் அவஸ்தை.

"சரி, எவ்வளவு நேரம் வேணும்?"

"ஒரு மணி நேரம். நோய் தெரிஞ்சுபோச்சு. இந்தப் பைத்தான் புரோகிராம் மொழி இருக்கே, ஒரு டம்ளர் தண்ணி கேட்டா பரண்ல இருக்கற அத்தனை பாத்திரத்தையும் இறக்கிட்டுத்தான் மொண்டு தருது. படம் காட்டற லைப்ரரி, நெட்ல பேசற லைப்ரரின்னு ரெடிமேட் புரோகிராம் எல்லாத்தையும் எழுந்ததுமே லோடு பண்ணுது. எது எப்போ வேணுமோ, அதை அப்போ எடுன்னு மாத்திக்கிட்டு இருக்கேன்."

"முடியலைன்னா பழசையே ஏத்திடுவேன்."

"தாராளமா ஏத்துங்க. முடியும்."

நாற்பதாவது நிமிடமே, "சார், டைம் பார்க்கறீங்களா?" என்று அழைப்பு வந்தது. மேலாளர் ஓடி வந்து கடிகாரத்தோடு நின்றார். அவள் பொத்தானை அழுத்தினாள். இரண்டாவது விநாடி பச்சை விளக்கு எரிந்தது.

"அட! பேசுதா பாரும்மா!"

காலையிலிருந்து அவருக்குச் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்த, மேஜைமேல் கரண்டில் செருகியிருந்த தன் பழைய பெட்டியை அவள் அணைத்துவிட்டு, புதியதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தட்டினாள். உதடு அசையவில்லை, கழுத்திலிருந்த பெட்டிதான் கணீரென்று சொன்னது: "இன்னிக்கு எங்க வீட்டுக்காரருக்கு இருக்கு சார்!"