அரளியைத் தின்ற பூச்சி

ஆடுகூட வாய் வைக்காத செவ்வரளியை எந்தப் பூச்சி தின்றிருக்கும்?

நகராட்சித் தோட்டக்காரர் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். பாதி இலையைக் காணோம். மீதி, அளந்து வெட்டிய துணி மாதிரி நேராக முடிந்திருந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. எந்த ஊர்ப் பூச்சி கத்தரிக்கோல் வைத்திருக்கிறது?

மரத்தை ஒட்டிய கீழ்வீட்டு ஜன்னலுக்குள் தையல்கார அக்கா குனிந்த தலை நிமிராமல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் இல்லை.

உச்சிக் கிளையிலும் இலை இல்லை. அதை மட்டும் அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடைபாதையில் அவர் வைத்த கன்று. பக்கத்தில் முளைத்ததையெல்லாம் கிள்ளி எறிந்து, ஒற்றைத் தண்டாக ஏற்றி மரமாக்கியிருந்தார். இனி இதற்கு யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். எந்த வெயிலையும் தாங்கிக்கொண்டு பூத்துத் தள்ளும். பதிவேட்டில் ‘தேறியது’ என்று எழுதிவிட்டால் இந்தத் தெருவில் அவருக்கு வேலை முடிந்தது.

மாதத்துக்கு ஒரு தடவை மரத்தைப் பார்க்க வரும்போது, இந்த ஜன்னலில் ஒரு டீ. அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் அக்கா அலமாரியிலிருந்து இரண்டாவது டம்ளரை இறக்கித் தூசி துடைப்பாள்.

அவர் வீட்டிலோ, மனைவி போன பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு ஈ காக்கை கிடையாது. மற்ற இருபத்தொன்பது நாளும் வாய் எதற்கு இருக்கிறது என்றே அவருக்கு மறந்துவிடும்.

பேனாவைத் திறந்தார். ‘பூச்சித் தாக்குதல். கண்காணிப்பு தொடர வேண்டும்’ என்று எழுதினார்.

“பொல்லாத பூச்சிக்கா. அடுத்த மாசமும் வந்து பாக்கணும்,” என்றார், ஜன்னலைப் பார்த்து.

மெஷின் நின்றது. அக்கா முகத்தில் ஒன்றும் தெரியாத பாப்பாவின் களை. உள்ளே போய் டீ போட்டு வந்து, டம்ளரை ஜன்னல் கம்பி வழியாக நீட்டினாள். பிறகு நிதானமாக மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“கீழ தின்னது ஒரு பூச்சி, தம்பி. உச்சிய மொட்டையடிச்சது வேற பூச்சி. அவ்வளவு உசரம் எனக்கு எட்டாதே.”

அவர் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, அப்போதுதான் உச்சியை அண்ணாந்து பார்த்தார்.

போன மாதம் அவள் டீ போட உள்ளே போயிருந்தபோது, அவசர அவசரமாக அவர் வளைத்து இலைகளை உருவிப் போட்ட கிளை அது.