எட்டாத இடம்

“கீழயும் நல்லா இருக்கு, நடுவுலயும் நல்லா இருக்கு. மேல போனா கொரலு ஒடையுதும்மா. வேணாம், நீ கெளம்பு.”

சொல்லிவிட்டு சுலோசனா கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டாள். காலையிலிருந்து இது நான்காவது பெண். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால், மாடியில் இருந்த அந்த ஒத்திகை அறையில் மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை.

இருபத்தாறு வருடமாக ஒகுஸ்த்தின் மெல்லிசைக் குழுவில் அவள்தான் பாடகி. கல்யாண வரவேற்போ, சர்ச்சில் பிள்ளைகள் புதுநன்மை வாங்கும் நாள் விருந்தோ, மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். முழங்கால் இப்போது கேட்பதில்லை. பாரிஸிலிருந்து மகள் கரீன் டிக்கெட்டே எடுத்து அனுப்பிவிட்டாள். ஆனால் சுலோசனா, தன் இடத்தில் ஒருத்தியை நிறுத்திவிட்டுத்தான் போவேன் என்று ஒகுஸ்த்துக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

கனகசெட்டிக்குளத்திலிருந்து வந்திருந்த ஜெர்லின் நகரவில்லை.

“ஆன்ட்டி, நான் பாடறப்ப கண்ண மூடிக்கிட்டீங்க. புடிச்சிருச்சுன்னு நெனச்சேன்.”

“புடிச்சுது. யாரு இல்லன்னா? ஆனா அந்தப் பாட்டுக்கு உசிரே மேல போற எடந்தான். அது எட்டலன்னா நீ பாடகி இல்ல, அழகா முணுமுணுக்கிற பொண்ணு.”

கீபோர்டுக்குப் பின்னால் இருந்த பெஞ்சமேன் சிரித்தான். “எட்டறதுதான் பாட்டுன்னா ஒரு ஏணி வாங்கிப் போட்டுரலாமேக்கா.”

“நக்கலு வேணாம். கொஞ்சம் சுருதிய எறக்குங்கன்னு காலையில ஒருத்தி கேக்கறா! ரிக்கார்டுல எங்க இருக்கோ அங்கதான் பாடணும். நான் ஒரு நாளாச்சும் எறக்கச் சொல்லியிருக்கனா? வாசி நீ. இவ கேட்டுட்டுப் போகட்டும்.”

பெஞ்சமேன் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு வாசித்தான். ஐம்பத்தைந்து வயதுக் குரல் அலட்டிக்கொள்ளாமல் ஏறியது. அந்த உச்சியில் நின்றது, ஒரு சுற்றுச் சுற்றியது, நிதானமாக இறங்கி வந்தது.

ஜெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்கு இது வராது ஆன்ட்டி” என்றாள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

சுலோசனா நாற்காலியில் சாய்ந்தாள். ஜெயித்த முகமாக இல்லை அது.

“கரீன்கிட்ட டிக்கெட்ட மாத்தச் சொல்லணும். இந்த வருசமும் நானே நின்னு தொலைக்கிறேன். என்ன பண்றது, அந்த எடம் வேற யாருக்கும் வரலியே.”

பெஞ்சமேன் கீபோர்டின் ஒயரைப் பிடுங்கப் போனவன் கையை எடுத்துவிட்டான்.

“அந்தப் பொண்ணக் கூப்பிடுங்கக்கா. பஸ் ஏறிடப் போவுது.”

“எதுக்கு?”

“அந்தப் பொண்ணுக்கு நான் ரிக்கார்டு சுருதியிலயே வாசிச்சேன், ஆறு கட்டை. உங்களுக்கு வாசிச்சது நாலு. சுருதிய எறக்க ஒரு பட்டன்தானேக்கா... உங்க தொண்ட செரமப்படுதேன்னு எட்டு வருசமா கொஞ்சம் கொஞ்சமா எறக்கிக்கிட்டு வரேன். எந்த மண்டபத்துலயும் ஒருத்தரும் கண்டுபிடிக்கல, நீங்களுந்தான்.”